கண்ணில் விட்டது தொண்டையில் கசந்தது

கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசக்கும் என்று ஐம்பத்தாறு வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. கண் வேறு, தொண்டை வேறு என்று நம்பி வாழ்ந்த சாதாரண மனிதன் நான். இரண்டையும் இணைக்கும் ஒரு சின்னப் பாதை இருப்பது தெரியாததால் வலது கண்ணை ஏறக்குறைய இழந்தேன். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் இப்போது வைத்தியர் எழுதித் தந்த ஒரு கண்மருந்துப் போத்தல் இருக்குமென்றால், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் பஸ் ஓட்டுபவன். பரமட்டாவிலிருந்து புறப்பட்டுக் குடியிருப்புத் தெருக்களைச் சுற்றிவிட்டு மறுபடி பரமட்டாவுக்கே வந்து சேரும் வழி என்னுடையது. மனைவி வதனி அப்போது டொரொண்டோவில் இருந்தாள். எங்கள் ஒரே மகளுக்குப் பல வருட ஏக்கத்துக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைப்பெறு பார்க்கப் போகும்போது வதனி ஃபிரீசரை நிரப்பிவிட்டுத்தான் போனாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. வீட்டில் சத்தம் என்று இருந்தது அந்தப் பெட்டியின் உறுமல் மட்டும்தான்.

வசந்தகாலப் புல் ஒரு வாரம் விட்டால் முழங்காலுக்கு வந்துவிடும். ஒரு விடுமுறை நாளில் வேலியோரப் புல்லை, நைலோன் கயிறு சுழலும் மெஷினால் வெட்டிக்கொண்டிருந்தேன். பாதுகாப்புக் கண்ணாடி கராஜில் ஆணியில் தொங்கியது. எடுக்கப் பஞ்சி, சோம்பல். ஏதோ ஒன்று பறந்து வந்து வலது கண்ணில் அடித்தது. கழுவினேன். பிறகும் இமைக்குள் மணல் இருப்பதுபோல உறுத்திக்கொண்டே இருந்தது.

குடும்ப வைத்தியர் ஒரு காகிதப் பட்டியால் மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் (கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் இருக்கும் மெல்லிய படலம்) ஒரு கீறல் பச்சையாக மின்னுவதாகச் சொன்னார். செடி கொடி பட்ட கீறலில் கிருமி ஏறக்கூடும் என்பதால் அன்டிபயோட்டிக் துளி (கிருமிகளைக் கொல்லும் மருந்து) எழுதினார். விழித்திருக்கும் நேரமெல்லாம் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை விடவேண்டும். சுகமானதுபோல் இருந்தாலும் அவர் சொன்ன நாள்வரை நிறுத்தக்கூடாது. கண் தெளியும்வரை பஸ் ஓட்டக்கூடாது. இரண்டு நாளில் குறையாவிட்டால், அல்லது வெளிச்சம் கூசினால், உடனே வரவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் நல்லாகத் தலையாட்டுவேன்.

மருந்துக்கடையில் இருந்தது திருச்சிப் பக்கத்துப் பிள்ளை. பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேசத் தொடங்கிவிட்டாள்.

"ஃபிரிட்ஜுல வைங்க அங்கிள், ஃப்ரீசர்ல வேணாம். கைய நல்லா கழுவிட்டுப் போடுங்க. பாட்டில் நுனி இமையில, கண்ணுல எங்கயும் படக்கூடாது. திறந்த தேதிய நானே எழுதிடுறேன். நாலு வாரம் ஆச்சுன்னா மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க, வேற யாருக்கும் குடுக்காதீங்க. வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். அப்போது எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. சந்தேகம் வந்தபோது கேட்க ஆள் இல்லை.

கண்ணுக்குத் துளி விடுவது உண்மையில் இரண்டு பேர் செய்யும் வேலை. தனியாகச் செய்பவருக்குத்தான் அது தெரியும். கட்டிலில் மல்லாந்து படுத்து, இமையை இழுத்துப் பிடித்து, மேலே போத்தலைக் கவிழ்த்தேன். முதல் துளி கன்னத்தில் விழுந்தது. அடுத்தது புருவத்தில் விழுந்து காதுக்குள் போனது. அதற்கடுத்தது சரியாக விழுந்தது, ஆனால் போத்தலின் நுனி இமைமயிரில் தட்டிவிட்டது. திருச்சிப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று மூடியைப் பூட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் ஒரு கசப்பு இறங்கியது. வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல இருந்தது.

அன்று பின்னேரம் வதனி வீடியோவில் அழைத்தாள். போனை இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டு பாதி முகத்தோடு கதைத்தேன். கண்ணில் பட்டதென்று சொன்னால் பச்சைப்பிள்ளையையும் விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாள் என்று பயம்.

"இஞ்சருங்கோ, நாளைக்குச் சஷ்டி தொடங்குது," என்றாள். "நான் துடக்கு வீட்டில நிக்கிறன், பிடிக்கேலாது. பிள்ளைக்கெண்டு வைச்ச நேத்தி. நடுவில விடக்கூடாது. இந்த முறை எனக்குப் பதிலா நீங்கள் பிடியுங்கோவன்."

துடக்கு என்றால், பிள்ளை பிறந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மாதமளவுக்குக் கோயிலும் விரதமும் விலக்கு. வதனி கந்தசஷ்டி ஆறு நாளும் பகலில் பட்டினி கிடந்து, மாலைப் பூசை முடிந்த பிறகு பாலும் பழமும் மட்டும் எடுப்பவள். மகளுக்கு ஒரு பிள்ளை கிடைக்கவேண்டும் என்று வைத்த நேர்த்தி அது. பிள்ளை கிடைத்துவிட்டது. கிடைத்த வருடமே விரதத்தை விடுவது எப்படி?

எனக்குக் கடவுள் விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. கோயிலில் என் பங்கு, வதனியை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடுவது. ஆனால் பேத்தி விஷயம் வேறு. நம்பிக்கை இல்லாதவனுக்கும் பயம் இருக்கும். அதிலும் அந்தப் பிள்ளையை நான் கண்ணாடித் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"ஓம், பிடிக்கிறன்," என்றேன்.

"உங்களால ஏலுமே? தண்ணி குடிக்கலாம்."

"ஏலும். நீர் பிள்ளையைப் பாரும்."

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்தான் சட்டதிட்டத்தை அதிகம் பார்ப்பான். வதனி தண்ணீர் குடிக்கலாம் என்றாள். நான் பகலில் தண்ணீரும் வேண்டாம் என்று முடிவு கட்டினேன். பதிலுக்கு நிற்பவன் ஒழுங்காக நிற்கவேண்டும் என்பது என் எண்ணம்.

விரதத்தின் முதல் காலை, குளித்து, திருநீறு பூசி, கண்ணுக்குத் துளி விட்டேன். கசப்பு தொண்டையில் இறங்கியது. விழுங்கவும் விழுங்கிவிட்டேன். பிறகு கட்டில் விளிம்பில் இருந்து யோசித்தேன். தண்ணீரே தொடாதவன் மருந்தை விழுங்கலாமா? விரதம் தொடங்கின அன்றே முறிந்துவிட்டதா?

இது சிரிப்பான கேள்வி என்று உங்களுக்குத் தோன்றலாம். வீட்டில் இன்னொரு மனிதர் இருந்திருந்தால் கேட்ட உடனேயே சிரித்து முடித்திருப்போம். வதனியிடம் கேட்டால் கண் விஷயம் வெளிவந்துவிடும். கோயில் ஐயரிடம் கேட்கக் கூச்சம், அவருக்கு என்னை வாகனத் தரிப்பிடத்தில்தான் பழக்கம். டிப்போவில் கூட வேலை செய்பவர்களோடு எனக்குக் கையைத் தூக்கிக் காட்டுகிற உறவு மட்டும்தான். வைத்தியரிடம் போய் விரதம் முறியுமா என்று ஆங்கிலத்தில் கேட்பது எப்படி என்று தெரியவில்லை. எனவே கேள்வியும் நானே, தீர்ப்பும் நானே என்று ஆயிற்று. மாலைப் பூசை முடிந்து வாயில் பால் பட்ட பிறகுதான் துளி. அதன் பிறகு தூங்கும்வரை எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. பகல் முழுவதும் ஒன்றும் இல்லை.

வேலைக்கு லீவு. சாப்பாடு இல்லை. சமையல் இல்லை. பகல்கள் மிக நீளமாக இருந்தன. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு முன்னறைக் கதிரையில் இருந்தேன். முதலில் கண் சிவப்பு குறைந்ததுபோலத்தான் இருந்தது, முருகன் பார்த்துக்கொள்கிறார் என்றுகூட நினைத்தேன். பிறகு வலி வந்தது. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டன. ஜன்னல் இடுக்கால் வரும் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. வைத்தியர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. சஷ்டி முடியட்டும், முடிந்த கையோடு போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வதனியின் அழைப்புகளுக்கு, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் கதைத்தேன்.

ஆறாம் நாள் சூரன்போர். கோயில் வெளிவீதியில் சனம் நிறைந்திருந்தது. பறை முழங்க சூரன் தலையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். மாலை வெயில் தாங்காமல் வலது கண்ணைக் கையால் பொத்தியபடி நின்றேன். வேல் பாயும் நேரம், இவ்வளவு நாள் பட்டினி கிடந்தது இதற்காகத்தானே என்று நினைத்து, கையை எடுத்துவிட்டு இடது கண்ணை மூடிப் பார்த்தேன். முருகன் இல்லை. சூரன் இல்லை. பால் கலந்த தண்ணீருக்குள் சிவப்பாக ஏதோ அசைந்தது. பக்கத்தில் எல்லோரும் அரோகரா என்று கூப்பிட்டார்கள். நான் சனத்தை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

வேட்டியோடும் திருநீற்றோடும் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காரை ஓட்டத் துணியவில்லை. அவசரப் பிரிவின் நீளமான நடைபாதையில் என்னைக் காத்திருக்கச் சொன்னார்கள். மற்றவர்களோடு யாராவது ஒருவர் வந்திருந்தார். ஒரு கிழவரின் செருப்பை அவருடைய மகள் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என் பக்கத்துக் கதிரையில் என் சால்வை மட்டும் கிடந்தது.

கண் வைத்தியர் இளம் பெண். முகத்தை முன்னே நீட்டி நாடியை ஒரு தாங்கியில் வைக்கச்சொல்லி, நீளமான ஒளிக்கீற்றால் பார்த்தார். கருவிழிப் புண் என்றார் (கிருமி கருவிழியைத் தின்று குழியாக்குவது). கண்ணை மரக்கச் செய்து, புண்ணிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்து, என்ன கிருமி என்று அறிய அனுப்பினார்.

"தந்த துளியை எப்படிப் பாவித்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சொன்னேன். கடவுளுக்காக என்றேன். வேறு விளக்கம் என் ஆங்கிலத்தில் இல்லை. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அரைகுறையாக விட்டால் கிருமி சாகாது, இடைவெளியில் மறுபடி பெருகிவிடும்," என்றார்.

"பார்வை வருமா?"

"அதை இன்றைக்குச் சொல்ல முடியாது. புண் நடுப்பகுதிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது."

நான் இரண்டு கண்ணையும் வைத்துப் பிழைப்பவன். என் பஸ்ஸில் குழந்தைகள் ஏறுவார்கள், கர்ப்பிணிகள் ஏறுவார்கள். பார்வை போனால் அந்த இருக்கையும் போய்விடும். எனக்கு இருக்கத் தெரிந்த இடமே அது ஒன்றுதான்.

வார்டில் சேர்த்தார்கள். முன்னதைவிட வலுவான வேறொரு அன்டிபயோட்டிக் துளி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல். அதோடு, வலி குறையக் கண்மணியை விரித்து வைக்கும் இன்னொரு துளி. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது விடவேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தாதி என் கீழிமையை மெல்ல இழுத்து ஒரு சின்னப் பை போலாக்கி, போத்தல் எதிலும் படாமல் அதற்குள் ஒரேயொரு துளி விட்டார். கண்ணை மூடச்சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து, சுட்டுவிரலை மூக்கோரமாக, கண்ணின் உள்மூலையில் வைத்து அழுத்திவிட்டார்.

"ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள்."

பிடித்தேன். விரலை எடுத்தேன். காத்திருந்தேன். தொண்டையில் கசப்பு வரவில்லை.

"இதை ஏன் செய்வது?" என்று கேட்டேன்.

"கண்ணீர் மூக்குக்குப் போகும் வழி அங்கேதான் தொடங்குகிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணிலேயே நிற்கும். தொண்டைக்கு இறங்காது."

ஒரு விரல். அவ்வளவுதான். விரதமும் நின்றிருக்கும், கண்ணும் நின்றிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. தாதி ஒரு டிஷ்யூ எடுத்துத் தந்தார். பிறகு, கண்ணீரில் மருந்து கரைந்துபோயிருக்கும், மறுபடி விடவேண்டும் என்றார். அழுவதற்கும் அனுமதி இல்லாத நோய் அது.

மறுநாள் வதனியை வீடியோவில் அழைத்தேன். இந்த முறை முழு முகத்தையும் காட்டினேன். கண்ணின் மேல் பிளாஸ்திக் மூடி ஒட்டியிருந்தது. அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"எப்ப நடந்தது?"

"சஷ்டிக்கு முதல்."

"மருந்து விட்டனீங்களே?"

"பகலில விடேல்ல. தொண்டைக்குள்ள இறங்குது. விரதம் முறிஞ்சிடுமெண்டு நினைச்சன்."

"என்னப்பா கதைக்கிறியள்? நான் பிறஷர் குளிசை போட்டுக்கொண்டெல்லோ சஷ்டி பிடிக்கிறனான். ஒவ்வொரு காலமையும் குசினிக்குள்ள நிண்டு தண்ணியோட விழுங்கிறனான். நீங்கள் காணேல்லையே?"

காணவில்லை. அவளுக்கு இரத்த அழுத்தம் வந்து கன வருடம். அந்தக் காலைகளில் அதே குசினியில் நானும் நின்று, வேலைக்குக் கொண்டுபோகத் தேநீர் ஊற்றியிருப்பேன். அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதனால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் வாறன்," என்றாள்.

"வேண்டாம். நீர் வந்து என்ன செய்யிறது, துளிதானே. அங்க பிள்ளைக்கு நீர் வேணும்."

பின்னால் பிள்ளை அழத் தொடங்கியது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மருந்து கேட்டது. புண் ஆறத் தொடங்கியதும் வீட்டுக்கு விட்டார்கள். முதல் வேலையாக, நுனி இமையில் பட்ட பழைய போத்தலை எறிந்தேன். துளிகளை அவர்கள் சொன்ன ஒழுங்கில், அவர்கள் சொன்ன வேகத்தில் மட்டும் குறைத்தேன், என் தீர்ப்பு ஒன்றையும் சேர்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தலையை நன்றாகப் பின்னே சாய்த்தால் தனியாளாலும் செய்யலாம். கை நடுங்கினால் போத்தல் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள். தவறி வெளியே விழுந்தால் இன்னொரு துளி விடுங்கள், அதற்காக நாலைந்து துளி ஊற்றவேண்டாம். யாரிடமாவது கேட்க வேண்டியது இருந்தால், அது எவ்வளவு அசட்டுக் கேள்வியாக இருந்தாலும் கேளுங்கள். மருந்துக்கடைக்குப் போன் எடுத்தாலே போதும். திருச்சிப் பிள்ளையிடம் பிறகு ஒருநாள் இதைச் சொன்னபோது, "ஏன் அங்கிள், எனக்கு ஒரு கால் பண்ணியிருக்கலாமே," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சில்லறையைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கண் தப்பியது. பார்வை முழுதாகத் தப்பவில்லை. கருவிழியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. வலது கண்ணால் பார்த்தால் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல இருக்கும். விளக்குகளுக்கு வால் முளைக்கும். படியும் தரையும் எங்கே பிரிகின்றன என்று கால்தான் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். கருவிழி மாற்றுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்கிறார் வைத்தியர். பஸ் ஓட்ட இப்போதைக்கு அனுமதி இல்லை. டிப்போவில் ஒரு மேசை தந்திருக்கிறார்கள். சனம் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்கும் பைகளுக்கும் நான்தான் இப்போது பொறுப்பு.

போன கிழமை கண் பரிசோதனை முடித்து, என் பழைய வழியில் பயணியாக ஏறினேன். புதிய ஓட்டுநர், இளம் பெடியன். முன்னால் இருந்த இருக்கையில் இருந்தேன். என் கால் தன்பாட்டில் பிரேக் தேடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும், பிந்துகிறோமா முந்துகிறோமா என்று மனம் கணக்குப் பார்த்தது. பிறகு, அந்தக் கணக்கால் இனி எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது மெல்ல உறைத்தது. ஜன்னலால் பார்த்தேன். கன வருடம் ஓட்டிய தெருவில் எந்த வீட்டு வாசலில் என்ன மரம் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் ஒற்றைக் கண்ணால்.

என் நிறுத்தம் வந்தது. கம்பியைப் பிடித்தபடி வாசலில் நின்று, கீழே நடைபாதை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வலது காலை நீட்டித் துழாவினேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அப்போது உஸ்ஸென்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் பொத்தானை அழுத்தியிருந்தான். பஸ் என் பக்கமாகச் சரிந்து, படியை நடைபாதைக்குத் தாழ்த்தியது.

வயது போனவர்களுக்கும் ஊன்றுகோல் பிடித்தவர்களுக்கும் நாங்கள் அப்படிச் செய்வோம். அந்தப் பொத்தானை நான் எத்தனையோ பேருக்கு அழுத்தியிருக்கிறேன், பஸ் இறங்கி ஏற எடுக்கும் நேரத்தை நினைத்து உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த நேரம் இப்போது எனக்காகப் போய்க்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. நன்றியாகவும் இருந்தது. அவசரப்படாமல் கால் வைத்து இறங்கினேன்.